போக அரை நாள், வர இரண்டு நாள்

பாப்பா,

நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, உன்னை வழியனுப்பப் போட்ட சாப்பாட்டுப் பந்தியில் நாற்பது பேர் நடுவில் நான் எழுந்து நின்று ஒரு அறிவிப்பு செய்தேனே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மானம் அன்றைக்கே போய்விட்டது, இனிமேல் போவதற்கு ஒன்றுமில்லை. உன் டிக்கெட்டைக் கண்ணாடி போட்டு நானே படித்திருந்தேன். சென்னையில் காலை ஐந்தே முக்காலுக்கு ஏறுகிறாய். வான்கூவரில் மாலை ஆறரைக்கு இறங்குகிறாய். தேதி இரண்டுக்கும் ஒன்றுதான். பத்தாவது வரை படித்தவனுக்குக் கழிக்கத் தெரியாதா? கழித்தேன். பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வந்தது. சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. கனடா, கனடான்னு இவ அம்மா ஒரு வாரமா அழுதுகினு கீறா. மொத்தமே பன்னெண்டே முக்கால் மணி நேரம். தாம்பரத்துல ரயில் ஏறி கன்னியாகுமரி போறவன் எறங்கற நேரத்துக்கு இவ எறங்கிடுவா!" உன் சித்தப்பா விசில் அடித்தான். உன் அம்மாகூட ஒரு நிமிஷம் என்னை நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன், முகம் அப்படித்தான் இருந்தது.

நீதான் மெதுவாகச் சொன்னாய். "அப்பா, அது அந்த ஊர் டைம். இங்க காலைல ஆறு மணின்னா அங்க முந்தின நாள் சாயங்காலம் அஞ்சரை. நான் மொத்தம் இருபத்தஞ்சு மணி நேரத்துக்கு மேல ட்ராவல் பண்றேன்." அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "வர்றதுக்குத்தாம்மா ரெண்டு நாள். அது எனக்குத் தெரியாதா? என் தொழில்லயே பாக்கறேன். போறதுக்கு அரை நாள்தான். போவும்போது காத்து தள்ளிக்கினு போயிடும்" என்றேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். செம்பாக்கத்தில் எனக்கு ஒரு வாடகைக் கடை. பந்தல், சேர், மேஜை, சமையல் பாத்திரம். என் அப்பா நெல் போட்ட நிலத்தில் காலனி வந்தது. அந்தக் காலனிக்கு நான் சேர் போடுகிறேன். கல்யாணத்துக்குப் போன அதே சேர்தான் காரியத்துக்கும் போகும். இதுவரை யாரும் அடையாளம் கண்டுபிடித்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஃப்ரீசர் பாக்ஸ் இரண்டு வாங்கினேன். இறந்தவரைக் கிடத்தி வைக்கிற பெட்டி. மேலே கண்ணாடி மூடி, அடியில் கம்ப்ரசர். காலனி வீடுகளில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டதால் வாங்கினேன். போன் வந்தால் செத்தது யார் என்று நான் கேட்பதில்லை, "பசங்க எங்க சார் இருக்காங்க?" என்றுதான் கேட்பேன். பெங்களூர் என்றால் ஒரு பகல். துபாய், சிங்கப்பூர் என்றால் ஒரு நாள். அமெரிக்கா, கனடா என்றால் இரண்டு நாள். எனக்குத் தெரிந்த உலகப் படம் அவ்வளவுதான். எந்த ஊருக்கு எத்தனை நாள் பெட்டி என்பது தெரியும். போகிறவர்களை நான் பார்த்ததில்லை, வருகிறவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் போகிற கணக்கில் கோட்டை விட்டேன்.

மறுநாள் நீ கடைக்கு வந்தாய். என் முகம் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பாய். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய அண்டா மேல் சாக்பீஸால் ஒரு பக்கம் தாம்பரம் என்று ஒரு புள்ளி, அந்தப் பக்கம் வான்கூவர் என்று ஒரு புள்ளி வைத்தாய். பந்தல் கயிறு ஒரு துண்டைக் கொடுத்து, "ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இழுத்துப் புடிங்கப்பா" என்றாய். நான் அண்டாவின் இடுப்பைச் சுற்றித்தான் பிடித்தேன், சுவரில் மாட்டுகிற உலகப் படத்தில் அப்படித்தானே இருக்கிறது. "இன்னும் டைட்டா" என்றாய். இழுத்தேன். கயிறு கையை விட்டு நழுவி மேலே ஏறி, அண்டாவின் உச்சந்தலையை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றது. லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஏழுமலை, "அண்ணே, கயிறு தானா வழிய கண்டுபுட்ச்சிகிச்சு" என்றான். அதுதான் நேர்வழி, பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம் என்றாய். ஆனால் சென்னையிலிருந்து அப்படி நேராகப் போகிற விமானம் கிடையாதாம். லண்டனில் இறங்கி ஏற வேண்டுமாம். அப்படிப் போனால் கிட்டத்தட்ட பதினாறாயிரம். "நேர்வழி ஒண்ணு கீது, ஆனா ஒருத்தரும் அதுல போறதில்ல. நல்ல ஊருடா" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு, "நம்ம வீடும் அப்படித்தானேப்பா" என்றாய். நான் கேட்காத மாதிரி கயிற்றைச் சுருட்டினேன்.

நீ சொன்னது சரிதான். நம் வீட்டில் எல்லாப் பேச்சும் லண்டன் வழியாகத்தான் போகும். உன் அம்மா மேல் எனக்குக் கோபம் என்றால் ஏழுமலையைத் திட்டுவேன். உன்மேல் பாசம் வந்தால் வண்டியில் காற்று இருக்கிறதா என்று டயரை அமுக்கிப் பார்ப்பேன். காட்டாங்குளத்தூரில் நீ படித்த நாலு வருஷமும் தினம் காலையில் ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டேனே, வழியில் என்ன பேசினோம்? ஹெல்மெட் போடு, பை ஜிப்பை மூடு. இந்த இரண்டு வாக்கியத்தை நாலு வருஷம் ஓட்டினேன்.

சின்ன வயதில் உன்னைத் திருநீர்மலைக்குக் கூட்டிப்போவேன். பெருமாளைச் சேவித்துவிட்டு மலைப்படியில் உட்கார்ந்தால் மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் எல்லாம் தெரியும். "இது எங்கப்பா போகுது?" என்பாய். பம்பாய் என்பேன். "அது?" அதுவும் பம்பாய். "எல்லாமே பம்பாய்க்கா போகுது?" என்று சந்தேகப்பட்டாய். "பம்பாய் பெரிய ஊரும்மா" என்றேன். இறங்குகிற விமானம் எங்கே போகும், நம் ஊருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. தெரியாது என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே ஒரு கஷ்டம். பொங்கலுக்கு அதே படியில் ஏறியபோது நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். நீ கேட்டதற்கு, "காத்து வாங்கறேன்" என்றேன். அந்த விஷயத்தில் நான் மாறவில்லை.

நீ போன அன்று உன் சித்தப்பா மகன் தினேஷ் என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று குட்டியாய் ஒரு விமானப் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்குக் கடையில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. பள்ளிக்கரணையிலிருந்து நிச்சயதார்த்தத்துக்குச் சேர் கேட்டு ஒருவர் வந்தார். "எத்தனை சேர் சார்?" என்று கேட்பதற்குப் பதிலாக "துருக்கி தாண்டியாச்சு சார்" என்றேன். லண்டனிலிருந்து கிளம்பினதும் அந்தக் குட்டி விமானம் நேரே இடதுபக்கம் போகாமல் மேலே மேலே ஏறி, படத்தில் வெள்ளையாக இருந்த ஓர் இடத்துக்குப் போயிற்று. முதலில் பதறிவிட்டேன், வழி தவறிவிட்டார்களோ என்று. அப்புறம் அண்டா ஞாபகம் வந்தது. கயிறு அப்படித்தானே ஏறியது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்ளோ பனியில எம்பொண்ணு எதுக்குய்யா போகணும்?" என்றாள். 

சரி, லண்டன் போதும். நேராக வருகிறேன்.

பெட்டி எத்தனை நாள் என்பதைத் தூரம் மட்டும் முடிவு செய்வதில்லை, பாப்பா. வரவேண்டியது பையனா பெண்ணா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பையன் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்றால் இரண்டு நாள் என்ன, மூன்றாவது நாளும் வைப்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கொண்டு வரச் சொல்வார்கள். பெண் மட்டும் வர வேண்டும் என்றால் பேச்சே வேறு. "அது வந்து என்ன பண்ணப் போவுது, பாவம், வர்றப்ப வரட்டும்" என்பார்கள். கெட்ட மனசில்லை யாருக்கும். பழக்கம். பத்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சேரை எண்ணிக்கொண்டே கேட்பேன். எனக்கும் ஒரே ஒரு பிள்ளை, அதுவும் பெண் என்பது அப்போதெல்லாம் ஏனோ தோன்றவே இல்லை.

உனக்கு விசா வந்த அதே வாரம் சேலையூர் பக்கம் ஒரு காலனி வீட்டுக்குப் பெட்டி போயிற்று. ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். பையன் பெங்களூரில், பெண் டொரன்டோவில். பெண் அதற்குள் விமானம் ஏறிவிட்டாள். பையன் மறுநாள் மத்தியானம் காரில் வந்து சேர்ந்தான். உடனே அவன் பெரியப்பா ஒருவர், "பையன் வந்தாச்சுல்ல, சாயங்காலம் எடுத்துடலாம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், அவங்க இந்நேரம் லண்டன் வந்துட்டிருப்பாங்க. காலைல வூட்டுல இருப்பாங்க. பெட்டி நல்லா ஓடுது சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கென்னப்பா, ஒரு நாள் கூட ஓடினா ஒரு நாள் வாடகை" என்றார். வாடகையே வேண்டாம் சார் என்று வாய் வரை வந்தது. வெளியே போய்ப் பந்தல் கயிற்றை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டாக்சி வந்து நின்றது, டொரன்டோப் பெண் இறங்கினாள். கழுத்தில் விமானத்தில் வைத்துக்கொள்கிற அந்தத் தலையணை அப்படியே மாட்டியிருந்தது. உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். அடுக்கி வைத்த சேரைப் பார்த்தாள், ஏழுமலையைப் பார்த்தாள். ஏழுமலை என்னைப் பார்த்தான்.

"எப்போ அங்கிள்?"

"நேத்து சாயங்காலம்மா."

"இல்ல அங்கிள். அண்ணன் ஐ.சி.யூ.ன்னுதானே சொன்னான். லண்டன்ல எறங்கினதும் பேசினேனே. டாக்டர் பாத்துட்டிருக்கார், நீ வான்னானே."

அவள் லண்டனிலிருந்து பேசிய அந்த நேரத்தில் நாங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அண்ணன்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளி, முருங்கை மரத்தடியில் நின்று பேசியதைப் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக வருகிற பெண், நடுவழியில் தெரிந்தால் தாங்குமா என்று நினைத்திருப்பான். நம் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். போனில் "சீரியஸ், கிளம்பி வா" என்று சொல்லும்போது என் பெட்டி ஹாலில் ஓட ஆரம்பித்திருக்கும். இத்தனை வருஷம் அதை நல்ல மனசு என்றுதான் நினைத்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வழியில், அப்பா பிழைத்துக்கொள்வார் என்று வேண்டிக்கொண்டே வந்திருக்கிறாள். யாருக்காக வேண்டினாளோ அவர் இல்லை.

அவள் உள்ளே போகவில்லை. "பெட்டில வெச்சிருந்தீங்களா? எங்க அது?" என்றாள். வண்டியில் ஏற்றியிருந்தோம். வந்து கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். காலை வெயிலுக்கே கண்ணாடி சுட்டது. கையை எடுக்கவில்லை. அப்புறம் கைப்பையைத் திறந்து ஒரு சாக்லெட் பெட்டியை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தாள். "லண்டன்ல வாங்கினேன். அப்பாவுக்கு ஷுகர். இது ஷுகர் இல்லாதது. நீங்க சாப்பிடுங்க அண்ணா." ஏழுமலை அதை வண்டியின் டேஷ்போர்டில் வைத்தான். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிவிட்டது. அவனும் எடுக்கவில்லை, எனக்கும் தூக்கிப் போடச் சொல்ல வாய் வரவில்லை.

இதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. நீ புது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாய், எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து, "வெயில் ஜாஸ்தி, தலை வலிக்குது" என்று படுத்துக்கொண்டேன். நீ மோர் கரைத்துக் கொடுத்தாய்.

இப்போது பந்தியில் நடந்த இன்னொன்றுக்கு வருகிறேன். நேரக் கணக்கில் நான் அசடு வழிந்ததோடு அது முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் உன் சித்தப்பா என் தோளில் கை போட்டு, "வர்றதுக்கு ரெண்டு நாளுன்னா இன்னாண்ணே இப்போ? நீ ஒண்ணியும் ரோசன பண்ணாத. நம்ம தினேஷு கீறான். நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாத்தையும் அவன் பாத்துப்பான்" என்றான். எல்லாத்தையும் என்றால் என்ன என்று பந்தியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கொள்ளிச்சட்டி. தினேஷ் நல்ல பையன். பாயசம் குடித்துக்கொண்டிருந்தவன் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உன் அம்மா, "சோறு துன்ற எடத்துல இன்னா பேச்சு இது?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய்.

அப்போது நான் என்ன சொன்னேன்? "ஆமாம்மா. நீ அங்கேருந்து அடிச்சிப் புடிச்சி ஓடி வராத. பொட்டி நம்ம கடை பொட்டிதான், வாடகைகூட கெடையாது. தினேஷு முடிச்சிடுவான். நீ லீவு கெடைக்கிறப்ப வந்து படத்துக்கு மாலை போட்டா போதும்." பந்தி குலுங்கிச் சிரித்தது. இந்த வேடிக்கை எனக்கு நன்றாக வரும். நீ சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாய். அப்பளம் இரண்டாகக்கூட உடையாமல் இலையில் இருந்தது. உனக்கு அப்பளம் என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியாதா?

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாளாக யோசிக்கிறேன். நீ போகிற இடத்தில் பின்னாலிருந்து யாரும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது என்று நினைத்தேன். அது உண்மை. அந்த டொரன்டோப் பெண் மாதிரி நீ ஓடிவந்து காலிப் பந்தலைப் பார்க்கக் கூடாது என்று பயந்தேன். அதுவும் உண்மை. வராதே என்று நானே சொல்லிவிட்டால், வர முடியாமல் போகிற நாளில் உனக்கு வலிக்காது, எனக்கும் ஏமாற்றம் இல்லை. அப்படி ஒரு தந்திரம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது வேறொன்று புரிந்தது. நான் உன்னை விடுதலை பண்ணவில்லை. உன்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டியில் போகும்போது கேட்டாய். "அப்பா, சாப்பிடறப்ப சொன்னீங்களே, அது நெஜமாவா?" நான், "எது, பன்னெண்டே முக்காலா? தப்புத்தான்னு ஒத்துக்கறேம்மா" என்றேன். 

புத்திமதி சொல்லத்தான் அப்பன்கள் கடிதம் எழுதுவார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் தொழிலில் கிடைத்தது. பாஸ்போர்ட்டை எப்போதும் ஒரே இடத்தில் வை. அவசரமாக டிக்கெட் எடுக்க வேண்டி வந்தால், தனியாக உட்கார்ந்து எடுக்காதே, பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள். அழுதுகொண்டே பட்டனை அமுக்கித் தப்புத் தேதிக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கேயிருந்து யார் போன் செய்து "சீரியஸ்" என்று சொன்னாலும், "உயிர் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேள். கேட்கலாம், தப்பில்லை. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், நான் போய்விட்டால் போய்விட்டேன் என்றே உனக்குச் சொல்ல வேண்டும் என்று. "நீ போனப்புறம் நான் இன்னா பேசணும்னுகூட நீதான் சொல்லித் தரணுமா?" என்று கரண்டியை டங்கென்று வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி, சொல்றேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள்.

இன்னொன்று. என்னைப் பார்க்க வேண்டும் என்றால் நான் பார்க்கிற நிலையில் இருக்கும்போது வா. திங்கட்கிழமை சாயங்காலம் ஏறினால் புதன்கிழமை விடிகாலை இங்கே. இப்போது எனக்குக் கணக்கு சரியாக வருகிறது பார். மீனம்பாக்கத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். சேர் ஏற்றுகிற வண்டிதான். பின்னால் இல்லை, முன்னால் உட்காரலாம். திருநீர்மலைக்குப் போவோம். படியில் மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குகிறது என்றே சொல்கிறேன்.

நீ கிளம்பிய விடிகாலையில், விமான நிலைய வாசலில் உன் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பெட்டிச் சக்கரம் சரியாக உருள்கிறதா என்று காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று காவலர் சொன்னார். நீ காலைத் தொட்டாய். எழுந்து, கண்ணை நேராகப் பார்த்து, "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்றாய். நேரான கேள்வி, கயிறு மாதிரி இழுத்துப் பிடித்த கேள்வி. நான் உன் கைப்பையைப் பார்த்து, "ஜிப்பை மூடு" என்றேன். மூடிவிட்டுப் போனாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தடவை திரும்பினாய். நானும் ஏதோ கையை ஆட்டினேன்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்றேனே, காரணம் இதுதான். உன் சித்தப்பா படிக்கட்டும், தினேஷ் படிக்கட்டும், மந்திரம் சொல்ல வருகிறவரும் படிக்கட்டும். நாளைக்கு யாரும், அவர் அப்படிச் சொல்லவே இல்லையே என்று சொல்லக் கூடாது. பந்தியில் நாற்பது பேர் கேட்கச் சொன்னது பொய். வாசலில் நின்று நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதுதான் நிஜம்:

நீ வா, பாப்பா. எத்தனை மணி நேரமானாலும் நான் பெட்டியிலேயே இருக்கிறேன், எனக்கு வேறென்ன வேலை. நீ வந்த பிறகு எடுக்கட்டும். நெருப்பு உன் கையால்தான்.